பைபாஸ் வீட்டில் நிற்காத பஸ்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அரிசி மில்லில் மூட்டை தூக்கி, லாரி வாங்கி, கள்ளக்குறிச்சி பைபாஸ் ஓரம் மாடி வீடு கட்டினேன். கரியாலூர் மலை வளைவுகளில் பாரத்தோடு வண்டி ஏற்றப் பலர் பயந்த காலத்தில் ஏற்றிக் காட்டியவன்.

அதற்கு முன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். கார் வாங்கினேன், அது சந்துக்குள் நுழையவில்லை. அதனால் வீட்டையே மாற்றினேன். காருக்காக வீடு கட்டிய ஆள் என்று ஊர் சொன்னபோது மீசையைத் தடவிக்கொண்டேன்.

சந்தில் இருந்தவரை என் மனைவி வெளியே போக யாரையும் கேட்டதில்லை. காய்கறிக்கு நடந்தாள், மாவு மில்லுக்கு நடந்தாள். சங்கராபுரத்தில் இருக்கும் அவள் அக்கா நினைப்பு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிடுவாள். பைபாஸில் எங்கள் வாசலில் ஓடாத வண்டி இல்லை. நிற்கிற வண்டிதான் இல்லை. ரோட்டு நடுவே சுவர், கடை அந்தப் பக்கம். எங்கே போகவும் எங்கள் பையனைக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் என்னை. "சாயந்திரம் பாக்கலாம்" என்போம். கொஞ்ச நாளில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். வயதாகிவிட்டது, அலைச்சல் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஆடியில் அக்கா தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வருடா வருடம் இவள் போய், தூக்கு நிறையக் கூழ் கொண்டுவந்து சந்து முழுக்க ஊற்றுவாள். அந்த வருடம் காலித் தூக்கோடு பைபாஸில் நின்று கை காட்டினாள். எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. உள்ளே வந்து தூக்கைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் அக்காவே கூழோடு பஸ் ஏறிவிட்டார். எங்கள் வாசலில் நிறுத்தாமல் ஸ்டாண்டில்தான் இறக்கிவிட்டார்களாம். பழைய சந்துக்கு நடந்து போய், அங்கிருந்து போன் செய்தார். மனைவியைக் காரில் கூட்டிப்போனேன். சந்து முனையில் இறங்கியவள் விடுவிடுவென்று நடந்தாள். அந்த நடையை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. காரை நிறுத்த இடம் தேடி, மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, வெயிலில் வியர்த்து வந்து சேர்ந்தபோது தூக்கு காலி.

"இன்னா மாப்ள, காரை உளுந்தூர்பேட்டைல வுட்டுட்டு நடந்து வரீங்களா?" என்றார் அக்கா.

"எனக்குக் கொஞ்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

"கூழு இன்னா உங்க காரா, எடம் கெடைக்கறவரிக்கும் காத்துக்கினு இருக்க?"

சந்துப் பெண்களோடு மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பைபாஸ் வீட்டில் கேட்காத ஒன்று.

"சரி வா, போலாம்" என்றேன்.

"நீங்க போங்க. நான் அக்காகூட போயிட்டு வரேன்."

"திரும்பி எப்படி வருவ? பஸ்ஸு நம்ம வூட்டாண்ட நிக்காதே."

"இங்கயே எறங்கிக்கிறேன். நீங்க மெதுவா வந்து கூட்டிக்கினு போங்க."

சங்கராபுரம் பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். காரில் அதன் பின்னாலேயே வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவிடம் கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவள், நான் கட்டிய மாடி வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள்.