நாற்றங்கால் மருதையன்

கோடியக்கரை பஸ் திரும்பும் முக்கில், தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு போர்டு தொங்கியது: 'மருதையன் பி.ஏ., கம்ப்யூட்டர் டைப்பிங். மனுக்கள் பிழையின்றி அடித்துத் தரப்படும்.' பெயரைவிட பி.ஏ. பெரிதாக இருக்கும். இருக்காதா பின்னே? அவன் தெருவுக்கே அதுதான் முதல் பட்டம்.

ஒவ்வொரு மனுவையும் அவன் புதிதாக அடிக்கமாட்டான். நன்றாக அமைந்த ஒன்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, பெயர், ஊர் என்று வேண்டியதை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுப்பான். அந்த மாதிரிகளைப் போட்டுவைத்த ஃபோல்டருக்கு 'நாற்றங்கால்' என்று பேர்.

"ஒருதடவ வெதச்சா போதும் சின்னம்மா. பறிச்சுப் பறிச்சு எத்தன வயல்ல வேணும்னாலும் நடலாம்."

"களையயும் சேத்து நட்டுறாதப்பா" என்பாள் ராமாயி.

ராமாயி அதே தெருக்காரி. புருஷன் செத்த பிறகும் கல்யாணராமனின் நிலத்தை விடாமல் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தாள். சென்னையில் பாங்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்ட கல்யாணராமன், நிலத்தை விற்றுவிட நினைத்தார். குத்தகைதாரர் என்று ராமாயி பெயர் பதிவாகிவிட்டால் அவளை லேசில் இறக்க முடியாது. பதியச் சொல்லி அவள் போட்ட மனு தாசில்தார் விசாரணைக்கு வந்தது.

அங்கே கல்யாணராமனோடு வந்திருந்த வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். போன வெள்ளத்தில் குடிசை இடிந்ததற்கு நிவாரணம் கேட்டு ராமாயி கொடுத்த மனு. 'தொழில்: விவசாயக் கூலி.' கீழே அவள் கைநாட்டு.

"கூலின்னு அந்தம்மாவே சொல்லுது. அப்புறம் குத்தகை எங்கேருந்து வந்தது?"

மத்தியானத்துக்கு மேல் பார்க்கலாம் என்று தாசில்தார் எழுந்துகொண்டார். ராமாயி நேரே கடைக்கு வந்தாள்.

"நான் எப்பப்பா உங்கிட்ட கூலின்னு சொன்னேன்? நெலம் போவப்போவுது!"

மருதையன் நாற்றங்காலைத் திறந்தான். வெள்ள நிவாரண மாதிரி. முதல் மனு அவன் அம்மா ரெங்கம்மாளுக்காக அடித்தது. அவளுக்குத் தொழில் விவசாயக் கூலிதான். பள்ளிக்கூட நாள் முதல் படிவங்களில் பெற்றோர் தொழில் என்று அவன் எழுதிப் பழகிய வார்த்தை அது. அதனால்தான் அத்தனை மனுக்களிலும் கண்ணில் படவே இல்லை.

தலை நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். 'பிழையின்றி.' பிறகு அந்த வெள்ளத்து மனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒன்றில் கை நின்றது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவளோடு தாசில்தாரிடம் கிளம்பினான்.

"ஐயா, அது சின்னம்மா சொன்ன வார்த்த இல்லீங்க. என் கம்ப்யூட்டர் சொன்னது. தப்பு என்னோடது."

வக்கீல் சிரித்தார். "தெருக்காரிக்குத் தெருக்காரன் சாட்சியா?"

"கல்யாணராமன் சாரோட மனுவயும் பாருங்கய்யா. வீட்டுச் செவுரு இடிஞ்சதுக்கு எங்கிட்டதான் அடிச்சாங்க. அசலு உங்க ஆபீஸ் கட்டுலயே இருக்கும்."

கட்டு வந்தது. தாசில்தார் புரட்டி எடுத்தார். 'தொழில்: விவசாயக் கூலி.' கீழே கல்யாணராமனின் அழகான இங்கிலீஷ் கையெழுத்து.

"சார், நீங்க எப்போ கூலி வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டார் தாசில்தார்.

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள் ராமாயி. "உங்களுக்கு என்னா வந்துச்சு?"

முதலில் சிரித்தவர் கல்யாணராமன்தான்.

அந்தக் காகிதம் தள்ளுபடியானது. அவள்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறாள் என்ற பக்கத்து வயல்காரர்களின் சாட்சியம் நின்றது. ராமாயி பெயர் பதிவானது.

அன்று சாயங்காலமே மருதையன் எல்லா மாதிரிகளிலும் அந்த வார்த்தையைக் களைந்துவிட்டு வெறும் கோடு போட்டான். அம்மாவின் மனுவை மட்டும் தொடவில்லை. அதில் அது பிழையில்லை. போர்டில் 'பிழையின்றி' போய், 'படித்துக் காட்டி' வந்தது.

கூட்டுறவு சொசைட்டிக்கு உர மனு அடிக்க ராமாயி வந்தாள்.

"தொழில் என்ன சின்னம்மா?"

"தெரியாதவன் மாதிரி கேக்குறான் பாரு! சாகுபடின்னு போடு. ஒன் பி.ஏ. சைசுக்குப் போடு."