நான் மிச்சம் வைத்த தட்டு

எட்டு வருஷமாக என் எடை எண்பத்திரண்டு கிலோ. ஒரு கிலோ ஏறும், ஒரு கிலோ இறங்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நூற்று முப்பத்தெட்டு. இதைச் சொல்லும்போது இப்போதும் என் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது. எனக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் வருகிறது.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடும் வேலை எனக்கு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எடை மேடையில் ஏறி நிற்கும். நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி எண்ணைப் பார்த்துச் சீட்டு கொடுப்பேன். "சார், நீங்க வெளிய வந்து வண்டிகிட்ட நிக்காதீங்க, ஓவர்லோடுன்னு காட்டிடப் போவுது" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்புறம் முழங்கால் வீங்கியது, சர்க்கரை வந்தது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று என் மனைவி பயந்துபோய் உலுக்கி எழுப்ப ஆரம்பித்தாள். திருச்சிக்குப் போய் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான். "நீங்க இருந்தாத்தாங்க எனக்கு எல்லாம்" என்றாள்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "ஆபரேஷன் பண்ணி எடையைக் குறைக்கிறது பெரிசில்ல. குறைஞ்ச எடையை வருஷக்கணக்கா காப்பாத்துறதுதான் பெரிசு. போதும்னு தோணுன நிமிஷம் கையை எடுத்துடணும். தட்டுல இருக்கேன்னு ஒரு வாய்கூட உள்ள தள்ளக் கூடாது." நான் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். முட்டையோ பருப்போ முதலில், சோறு கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சத்து மாத்திரை ஆயுசுக்கும். ஆறு வாய், ஏழு வாய் உள்ளே போனதும் நெஞ்சுக்குழியில் ஒரு இறுக்கம் வரும். உடனே எழுந்துவிடுவேன்.

தட்டில் மிச்சம் இருக்கும். இந்த மிச்சத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி ஜெயங்கொண்டத்துப் பக்கம், முந்திரிக்காட்டுக்காரர்கள் வீட்டுப் பெண். புருஷன் சாப்பிட்ட இலையிலேயே பெண்டாட்டி சாப்பிடுவது அவள் வீட்டு வழக்கம். புருஷன் அவளுக்காக இலையில் ஒரு கைப்பிடியாவது விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். கல்யாணமான அன்றே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் எங்கே விட்டேன்? இருபத்து நான்கு வருஷம் தட்டை வழித்து நக்கிவிட்டுத்தான் எழுந்தேன். "ஒரு பருக்கை விட்டா இளைச்சா போயிடுவீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அந்த வெறுந்தட்டிலேயே தனக்குப் போட்டுக்கொள்வாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முதலாகத் தட்டில் சோறு வைத்துவிட்டு எழுந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இப்பத்தான் எனக்குன்னு வெக்கத் தோணுச்சா?" என்று கேட்டுவிட்டு, நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் எனக்குப் போடும் அளவைக் குறைக்கவே இல்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஒரு கரண்டி சோத்தைத் தட்டு நடுவுல வெச்சுக் குடுக்கச் சொல்றீங்களா? யாராவது வந்து பாத்தா, புருஷனுக்கு அளந்து போடுறாம்பாங்க" என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிறைந்த தட்டை விட்டு எழுந்து போவது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கரண்டிச் சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்? குழம்பும் பொரியலும் அப்பளமுமாகக் குவிந்திருக்கும்போது கையை உதறிவிட்டு எழுந்தேனே, அதில்தான் எனக்குக் கர்வம். நான் கை கழுவிவிட்டுத் தெருவில் நடக்கப் போய்விடுவேன். அவள் உட்கார்ந்து என் மிச்சத்தைச் சாப்பிடுவாள். பிறகு தனக்கென்று வடித்ததையும் சாப்பிடுவாள். சோற்றைக் கொட்டக் கூடாது, அதிலும் புருஷன் தட்டுச் சோற்றை. மூன்று வேளையும் இப்படித்தான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை பார்த்து நோட்டில் எழுதினேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பந்தியில் உட்கார்ந்து அடுத்தவர் இலையைப் பார்த்துப் புத்தி சொன்னேன். அவள் பருத்துக்கொண்டே வந்தது என் கண்ணில் படாமல் இல்லை. பட்டது, ஆனால் வேடிக்கையாகப் பட்டது. தொளதொளத்துப்போன என் பழைய சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தா, இது இனிமே உனக்குச் சரியா இருக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த வாயை எதைக் கொண்டு அடைத்துக்கொள்வது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

வாழ்நாள் பூராவும் லாரி எடை போட்டவன் நான். காலி வண்டி எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு, இறக்கின சரக்கு எங்கே போனது என்று கேட்காமல் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு அவள் சிநேகிதி ஒருத்தியோடு போய்வந்தாள். செருப்பு கடித்துக் காலில் ஒரு கொப்புளம். அது ஆறவே இல்லை. அரியலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ. வருஷா வருஷம் எனக்குப் பதினெட்டு சோதனை எடுத்தோம், அவளுக்கு ஒன்றுகூட எடுத்ததில்லை. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு புண் மேலே ஏறியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் மகளிடம் புலம்பினேன். "வாயைக் கட்டு, வாயைக் கட்டுன்னு உங்கம்மாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டாளா?" மகளைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். லீவுக்கு வந்து எங்களோடு தங்கிப் போகிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். அன்றைக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா என்ன, தன் பசிக்காப்பா சாப்பிட்டுச்சு? நீங்க வெச்ச மிச்சத்தையில்ல சாப்பிட்டுச்சு! ரெண்டு பேரு சோத்தை ஒரு ஆளு எத்தனை வருஷம்ப்பா சாப்பிடுறது?"

பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேளையும் நான் எழுந்து போனபின் அந்தத் தட்டுக்கு என்ன ஆனது என்று அப்போதுதான் யோசித்தேன்.

மறுநாள் காலையில் வெளியே போய் நான்கு இட்லி வாங்கி வந்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்றரை இட்லி போனதும் நெஞ்சுக்குழி இறுகியது. பொட்டலத்தை மடிக்கப் போனேன். அவளுக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சி மட்டும்தான். தலையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தவள் கையை நீட்டினாள்.

"மிச்சத்தை ஏங்க மடிக்கிறீங்க? இங்க குடுங்க."

நான் கொடுக்கவில்லை. மடித்ததைப் பிரித்து, மீதி இரண்டரை இட்லியையும் நானே தின்றேன். மெல்லக்கூட இல்லை, விழுங்கினேன். அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க இப்படி அவசரம்?" என்றாள். கடைசித் துண்டு உள்ளே இறங்குவதற்குள் வேர்த்துக் கொட்டியது. குழாயடிக்கு ஓடிப்போய் அத்தனையும் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நர்சைக் கூப்பிட்டிருந்தாள். தன் கால் போய்க்கொண்டிருந்தபோதும் அவளுக்கு என் வயிற்றைப் பற்றித்தான் கவலை.

அதற்கு ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

இப்போது நானே சமைத்து நானே போட்டுக்கொள்கிறேன். ஒரு கரண்டிதான் வைக்கிறேன். மிச்சம் வருவதில்லை. எடை அதே எண்பத்திரண்டு. நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

திருச்சி டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை, புதிதாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் வீட்டாரையும் கூட்டி வைத்துப் பேசுவார். பழைய ஆட்களில் எடை ஏறாமல் இருப்பவன் என்று என்னைத்தான் எழுப்பிப் பேச வைப்பார். அவள் போனபிறகு இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை. இந்த வருஷம் போனேன். மெல்லுவது, நடப்பது, மாத்திரை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கை தட்டினார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் அவள் புருஷன், ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாம், கன்னம் வற்ற ஆரம்பித்திருந்தது. அவளுக்கு எல்லார் முன்னாலும் பேசக் கூச்சமாக இருந்தது.

"ஐயா, இவரு ஒரு வாய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுறாருங்க. தட்டுல இருக்கிறதைக் கொட்ட மனசு வரலைங்க. உங்க வூட்டம்மா அதை என்னங்க பண்ணாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் புருஷனும் சிரித்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண் பக்கம் திரும்பினேன்.

"அவ அதைச் சாப்பிட்டாம்மா" என்றேன். "நீ கொட்டிடு."