சோடா வாயு குடித்த தொட்டி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் நானும் என் மனைவியும் கோலா கெத்திலில் ஒரு சோடா கம்பெனியில் வேலை பார்த்தோம். முதலாளி தமிழ் முஸ்லிம். ஊருக்கே அவர் பாய். நான் மிஷினில் தண்ணீருக்குக் கரியமில வாயு ஏற்றுவேன். அவள் தரையில் உட்கார்ந்து போத்தல் கழுவுவாள்.

ஒருநாள் மதியம் எழுந்தவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மிஷினின் வால்வு ஒழுகியிருக்கிறது. அந்த வாயு கனமானது, தரையோடு தங்கும். நின்று வேலை செய்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே காற்றாட உட்கார்ந்ததும் அவளுக்குத் தெளிந்துவிட்டது.

புது வால்வு பினாங்கிலிருந்து வரவேண்டும். சாலையில் லாரிகள் எரிந்த காலம் அது. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒழுகிய இடத்தில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, சுவர் ஓட்டை வழியாகக் கொல்லைக்கு விட்டேன். வாயு வெளியேறுவது குமிழியில் தெரியட்டும் என்று முனையை ஒரு சிமெண்டுத் தொட்டியில் முக்கிவைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு தொட்டி. இரண்டிலும் மழைத்தண்ணீர், லேசான பச்சை.

கொஞ்ச நாளில் குழாய் வைத்த தொட்டி மட்டும் அரைத்த கீரைபோல் கெட்டியாகிவிட்டது. பாய் முகம் சுளித்துக் கழுவச் சொன்னார். சோடா குடிக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, அது அழுக்கில்லை, கண்ணுக்குத் தெரியாத பாசி, வெயிலில் நம் வாயுவைத் தின்று பெருகுகிறது என்றார். வீணாய்ப் போகிற வாயுவை ஏதோ ஒன்று சாப்பிடுகிறது என்பதில் எனக்கு என்னவோ ஒரு சந்தோஷம்.

என் மனைவி அதற்கு மேலே யோசித்தாள். பக்கத்து வீட்டில் ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியாக் குஞ்சுகள் வாங்கிவந்து அந்தத் தொட்டியிலேயே விட்டாள். அவை மேலே வந்து வாயைப் பிளந்தன. தனக்கு வந்த மயக்கம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, பதறிப்போய் அள்ளிப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினாள். பிறகு காலைதோறும் பச்சைத் தண்ணீரை வாளியில் மொண்டு மீன்களுக்கு ஊற்றுவாள். அவை கொழுத்தன.

ஒருநாள், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஏதாவது போகிறதா என்று சோதனைக்கு வந்த மாத்தா, மலாய்க்காரப் போலீஸ்காரர், குழாயைப் பார்த்து நின்றுவிட்டார். துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. இது எங்கே போகிறது, யாருக்கு என்று மலாயில் கேட்டார். என் மனைவிதான் தெரிந்த மலாயில் பதில் சொன்னாள்: பாசிக்குச் சோடா கொடுக்கிறோம், பாசியை மீனுக்குக் கொடுக்கிறோம். அவர் குனிந்து குமிழியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் தஞ்சோங் டாவாய்க் கடற்கரையிலிருந்து வரும் மீன் லாரி பல நாள் வரவில்லை. நாங்கள் தொட்டியில் வலை போட்டோம். பாய் வீட்டுக்கும் வாத்தியாருக்கும் கொடுத்ததுபோக, எங்களுக்கும் குழம்புக்கு இருந்தது. பாய் மறுநாள் சொன்னார்:

"மண்வாசனை கொஞ்சம் இருக்கு தங்கச்சி. ஆனா நல்லாத்தான் இருக்கு லா."

"இன்னும் ரெண்டு மூணு தடவ புடிக்கலாம் பாய்," என்றாள் அவள். "அந்தத் தொட்டிய மட்டும் கழுவச் சொல்லாதீங்க."

வால்வு வந்தது, மாட்டினேன். ஆனாலும் வேலை முடிகையில் மிஷினில் மிஞ்சும் வாயுவைத் தொட்டிக்கு விடுவதை நாங்கள் நிறுத்தவில்லை.