கோதுமை நுழையாத வீடு

கோகிலாவுக்குக் கோதுமையின் மேல் முன்பெல்லாம் எந்தப் பகையும் இருந்ததில்லை. மலாக்காவின் காஜா பெராங் சாலையில் காலையில் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரிடம் எல்லோரையும் போல அவளும் ரொட்டி வாங்கியவள்தான். கோப்பியில் தோய்த்துத் தின்றவள்தான். இப்போது அந்த மணிச் சத்தம் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் சன்னலைச் சாத்திவிடுவாள்.

எல்லாம் மகள் விஜயாவின் வயிற்றால் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. பூச்சி மருந்து, மந்திரித்த கயிறு, வேப்பிலைச் சாறு எல்லாம் முடிந்து, கடைசியில் டவுனில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ராஜரத்தினத்திடம் போனார்கள். சீமையில் படித்துத் திரும்பியவர் அவர்.

"இந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. ரொட்டி, பிஸ்கட், கேக்கு, மீ நூடுல்ஸ், சப்பாத்தி ஒண்ணும் குடுக்கக் கூடாது. அரிசி எவ்வளவு வேணும்னாலும் குடுங்க. இதை இப்பத்தான் சில வருஷமாக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார்.

விஷம் ஆகாது என்றால் ஊருக்குப் புரியும். சேப்பங்கிழங்கு அரிக்கும் என்றால் புரியும். கோதுமை ஆகாது என்றால் சிரித்தார்கள். கல்யாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில், யாராவது ஒருத்தர் விஜயாவின் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணிப்பார்கள். கோகிலா பிடுங்குவாள். "கொஞ்சமாத்தானே குடுத்தேன்" என்பார்கள். அந்தக் கொஞ்சத்தைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்தாள். ஒருநாள் தேங்காய்ச் சோறும் நெத்திலியும், ஒருநாள் முட்டைச் சோறு, ஒருநாள் ரசச் சோறு.

"தினமும் சோறாம்மா? எல்லாரும் காயா ஜாம் தடவுன ரொட்டி கொண்டு வர்றாங்க. என்னைச் சோத்துமூட்டைன்னு கூப்பிடுறாங்க."

"கூப்பிட்டாக் கூப்பிடட்டும். திரும்பிப் பார்க்காதே."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுவதும் அந்தப் பேர் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு எப்படியாவது ஒரு கேக்கு செய்துவிடுவது என்று தீர்மானித்தாள். அரிசி மாவைச் சலித்து, முட்டையை நுரைக்க அடித்து, பிஸ்கட் டின்னில் ஊற்றி, கீழேயும் மூடிமேலேயும் கரி நெருப்பு வைத்துச் சுட்டாள். மூடியைத் திறந்தபோது கேக்கு டின்னோடு ஒட்டிக் கிடந்தது. கத்தி இறங்கவில்லை.

அவள் கணவன் பொன்னுதுரை நகராட்சி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவன் அதை விரலால் தட்டிப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு சுட்டேன்னா மூணையும் வச்சு அடுப்பே கட்டிடலாம், கோகிலா."

விஜயாவும் சேர்ந்து சிரித்தாள். கோகிலா சிரிக்கவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

இத்தனையும் செய்தும் எடை ஏறவில்லை என்பதுதான் அவளைத் தின்றது. முதல் மாதம் கொஞ்சம் ஏறியது. அடுத்த மாதம் இறங்கியது. டாக்டர் ராஜரத்தினம் தராசு முள்ளையும் கோகிலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரோ வீட்டுல குடுக்குறீங்கம்மா."

"இல்லீங்க டாக்டர். எங்க வீட்டுல கோதுமை மருந்துக்கும் கிடையாதுங்க."

"அப்ப எப்படி இறங்கும்? அடுத்த மாசமும் ஏறலைன்னா பிள்ளையை ஆஸ்பத்திரி வார்டுல சேர்த்துடணும். ரெண்டு மாசமோ மூணு மாசமோ, அவங்க கண்காணிப்புல இருக்கட்டும். நீங்க சாயந்தரம் ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாம்."

வெளியே வந்ததும் விஜயா அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்கே போகமாட்டேம்மா" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் கோகிலாவுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

செமாபோக்கில் இருக்கும் பொன்னுதுரையின் அக்கா பாக்கியலட்சுமி செய்தி கேட்டு வந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அதனால் அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"பக்கத்து வீட்டுல போய் என்னத்தைத் திங்குறாளோ, அதை முதல்ல பாரு" என்றாள். "பள்ளிக்கூடம் விட்டா நேரா அங்கதானே ஓடுறா?"

பக்கத்து வீட்டில் இருந்தது மலாக்கா செட்டி குடும்பம். வீட்டுக்காரி அன்னபூரணி. பெயர் தமிழ், நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். எல்லோருக்கும் அவள் மாக் அன்னம், அதாவது அன்னம் அம்மா. கூவே என்னும் மலாய்ப் பலகாரம் செய்து டவுனுக்கு விற்பனைக்கு அனுப்புவாள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து இலை மடிப்பது விஜயாவுக்குப் பெரிய விளையாட்டு.

கோகிலா வேலியோரம் போனாள். இனிமேல் பிள்ளைக்கு எதுவும் தர வேண்டாம், அங்கே வரவும் விட வேண்டாம் என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். அந்த மொழியில் அவளுக்குப் பணிவாகச் சொல்லத் தெரியவில்லை. வெடுக்கென்று வந்துவிட்டது.

மாக் அன்னம் உரலிலிருந்து ஒரு பிடி மாவை அள்ளி வேலிக்கு மேலே நீட்டினாள்.

"அரிசி. என் கையால இடிச்சது. நீயே வாயில போட்டுப் பாரு. இதுல எங்கே கந்தும் இருக்கு?" கோதுமைக்கு அவள் மொழியில் அதுதான் பேர்.

கோகிலா அந்தக் கையைப் பார்க்காமலே திரும்பி வந்தாள்.

அதன்பிறகு விஜயா வீட்டை விட்டு நகரவில்லை. அம்மா ஆக்கியதைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. வயிறோ முன்னைவிட மோசமாகியது. வலி வந்தால் கோகிலா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். வலி கூடக்கூடப் பெருங்காயத்தையும் கூட்டினாள். பாக்கியலட்சுமி வீட்டிலேயே செய்து அனுப்பும் கட்டி அது. கடைச்சரக்கைவிட வாசம் தூக்கும் என்று செமாபோக்கில் அதற்குப் பேர் உண்டு. ஒரு கட்டி தீர்ந்தால் அடுத்த கட்டி வந்துவிடும்.

நாடு விடுதலை பெறும் மெர்டேக்கா நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பொன்னுதுரை ஆபீஸ் முடிந்து கொடி கட்டும் கமிட்டிக்குப் போய்விடுவான். டவுன் முழுவதும் தோரணம் ஏறியது. கோகிலாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. எடை போடும் நாள்தான் அவள் கண்முன் நின்றது.

ஒரு மத்தியானம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பெருங்காய டப்பா காலி. கோகிலா கணவனை வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டு, பஸ் ஏறிச் செமாபோக்குக்குப் போனாள். முன்கதவு சாத்தியிருந்தது. கொல்லைப்புறமாகச் சுற்றிப் போனாள்.

பாக்கியலட்சுமி பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தாம்பாளம். ஊறவைத்த பெருங்காயப் பால் ஒரு கிண்ணத்தில் பழுப்பாக இருந்தது. இன்னொரு பக்கம் டின் நிறைய வெள்ளை மாவு. கிண்ணத்திலிருந்து கொஞ்சம், டின்னிலிருந்து நிறைய என்று போட்டுப் போட்டுப் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தாள். முறத்தில் உருண்டைகள் வெயிலில் காய்ந்தன. நாற்றம் கண்ணைக் கரித்தது.

"வா வா. பிள்ளைக்குத் தேவலையா?"

"அது என்ன மாவு அண்ணி?"

"எது? இதுவா? கோதுமை மாவுதான். வேற என்ன போடுவாங்க?"

கோகிலா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி... பிள்ளைக்குக் கோதுமை ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே."

"ஆமா, ரொட்டி ஆகாது, மீ ஆகாதுன்னாரு. இது ரொட்டியா? மருந்தும்மா. மாவு போடாம வெறும் பெருங்காயத்தைத் தின்னா குடல் வெந்துபோயிடும். எங்க அப்பா காலத்துலேருந்து இப்படித்தான். யாரு செத்துப்போனா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டியா?"

உண்மைதான். அவள் கேட்கவில்லை. அரிசியைக் கேட்டாள், பருப்பைக் கேட்டாள், பக்கத்து வீட்டு உரலைக்கூடக் கேட்டாள். பெருங்காயம் அவள் நினைப்பிலேயே வரவில்லை. அது சாப்பாடு இல்லையே. வலிக்க வலிக்கத் தன் கையாலேயே கரைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கட்டியை வாங்காமலே நடந்தாள்.

"வெறுங்கையோடயா போறே? என்ன வந்துச்சு இவளுக்கு?" என்று பின்னால் பாக்கியலட்சுமி கேட்டது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தபோதுதான் விஷயம் முழுவதும் விளங்கியது. ரசப்பொடியில் பெருங்காயம். சாம்பார்ப்பொடியில் பெருங்காயம். ஊறுகாயில், மோர் மிளகாயில், முறுக்கில், இட்லிப்பொடியில். ஒவ்வொரு ஜாடியாகத் தரையில் இறக்கி வைத்தாள். மிஞ்சியது அரிசியும் உப்பும் புளியும்தான். அரைப்பதற்கென்று இருந்த அம்மியில்கூட அந்த வாசம்.

பொன்னுதுரை காகிதக் கொடிக் கட்டோடு நின்றான். நடந்ததைக் கேட்டான்.

"அக்காவை ஒண்ணும் சொல்லிடலையே நீ?"

"உங்களுக்கு அதுதானா முக்கியம்?"

"அப்படியில்லம்மா. மனசு நோகும். நாடே நம்ம கைக்கு வரப்போற நேரத்துல வீட்டுக்குள்ள எதுக்குச் சண்டை?"

"நாடு உங்க கைக்கு வரட்டும். முதல்ல இந்த அடுப்பு என் கைக்கு வரட்டும்."

அவன் கொடிக்கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜாடிகளுக்கு நடுவே வைத்தான்.

மறுநாள் காலையில் கோகிலா விஜயாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாக் அன்னம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.  எப்படித் தொடங்குவதென்று மலாயில் தேடினாள்.

"என்ன? இன்னிக்கு உரலைச் சோதிக்க வந்தியா?" என்றாள் மாக் அன்னம்.

"இல்லை, மாக். தப்பு எங்க வீட்டுல இருந்துச்சு. என் சமையலை நானே நம்ப முடியலை. எடை போடுற வரைக்கும் இவ உங்க வீட்டுல சாப்பிடட்டும். அரிசியும் மீனும் நான் கொண்டு வந்து தர்றேன்."

மாக் அன்னம் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். "காசியான், பாவம்" என்று முணுமுணுத்தாள். பிறகு கோகிலாவைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கே. என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா? நீ சாப்பிடாத வீட்டுல உன் பிள்ளை மட்டும் எப்படிச் சாப்பிடும்? நீயும் உட்காரு."

கோகிலா உட்கார்ந்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த பச்சரிசிக் கூவே இலையில் வந்தது. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். மாக் அன்னம் சலித்துக்கொண்டே சொன்னாள். மீன் குழம்புக்கு எடுத்த கீச்சாப் என்னும் சோயாச் சாற்றுப் புட்டியைக்கூடக் கோகிலா எதில் செய்தது என்று கேட்க, "சரி லா, போடலை, போடலை" என்று திரும்ப வைத்துவிட்டாள். விஜயா அதற்குள் இரண்டாவது கூவேயை எடுத்திருந்தாள்.

எடை போடும் நாள் வந்தது. தராசு முள் நகர்ந்து, தயங்கி, மேலே நின்றது. ஏறக்குறைய இரண்டு ராத்தல் கூடியிருந்தது. டாக்டர் ராஜரத்தினம் புன்னகைத்தார்.

"பார்த்தீங்களா? ஒழுங்காச் சொன்னபடி கேட்டா ஏறுது. வார்டு வேண்டாம்."

"டாக்டர், பெருங்காயத்துல கோதுமை மாவு கலக்குறாங்க. அதுதான் காரணம். மத்தவங்களுக்கும் சொல்லுங்க டாக்டர்."

"பெருங்காயமா?" அவர் சிரித்தார். "ஒரு சிட்டிகைல என்னம்மா ஆயிடும்? ரொட்டி குடுக்காம இருங்க, போதும்."

வார்டு இல்லை என்ற ஒரு சொல்லுக்காகக் கோகிலா மற்ற சொற்களை எல்லாம் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டு மேசையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரிக்க வேண்டியதில்லை, வாசமே சொன்னது.

"அக்கா குடுத்து அனுப்புச்சு" என்றான் பொன்னுதுரை, தரையைப் பார்த்தபடி. "இந்தத் தடவை மாவு கொஞ்சமாத்தான் போட்டிருக்காம்."

கோகிலா பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். விஜயாவை மாக் அன்னம் வீட்டில் விட்டாள். அடுத்த பஸ்ஸில் செமாபோக்குக்குப் போய், முறத்தில் மற்ற உருண்டைகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"கொஞ்சமும் வேண்டாம், அண்ணி. இனிமே அனுப்பாதீங்க."

பாக்கியலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பி வீட்டிலிருந்து ஒன்று திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்தது.

"அப்ப ரசத்துக்கு என்னத்தைப் போடுவே?"

"ஒண்ணும் போடமாட்டேன்."

"பெருங்காயம் போடாட்டி அது ரசமே இல்லையே."

"இல்லாட்டிப் போவுது, அண்ணி" என்றாள் கோகிலா. பஸ் வரும் சத்தம் கேட்டது. பிள்ளைக்கு நாளைய சோற்றுக்கு முட்டை வாங்க வேண்டும்.