உடைந்த பொம்மையைக் கேட்டவர்

"எல்லாத்தையும் புதுசு மாதிரியே வச்சிருக்கேன், பாருங்க மேடம்."

"பார்த்தேன். உடைஞ்சது எதுவும் இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"ஒரு வருஷமா புள்ளைங்க விளையாடுது. ஒரு சக்கரம்கூடக் கழண்டு போகலையா?"

"நம்ம புள்ளைங்க ரொம்ப சமத்துங்க மேடம்."

"அவ்வளவு சமத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லைம்மா. இங்கே யாரும் வர்றதில்லைன்னுதான் நான் எழுதணும்."

முதல் சந்திப்பில் நடந்த இந்தப் பேச்சைப் பொம்மை அத்தை இன்றும் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவாள். தெருப் பிள்ளைகளுக்குப் பொம்மைகளை இரவல் கொடுக்கும் ஒற்றை அறை நூலகம் அவளுடையது. வாடகை முதல் பொம்மை வரை எல்லாம் நகராட்சி மானியத்தில் ஓடியது. அது நின்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

வந்தவர் மானியம் வாங்கும் இடங்களைப் பார்வையிடும் அலுவலர். ஊரில் அவருக்கு 'குடைச்சல் அக்கா' என்று பெயர். தையல் வகுப்புக்குப் போனால் மிஷினை மிதித்துப் பார்ப்பார். படிப்பகத்துக்குப் போனால் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பார். முன்பெல்லாம் போட்டோ அனுப்பினால் போதும், மானியம் வந்துவிடும். பக்கத்துத் தெரு உடற்பயிற்சிக் கூடம் அப்படித்தான், ஒரு நாள்கூடத் திறக்காமலே மக்களின் வரிப்பணத்தை ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. அது அம்பலமான பிறகுதான் நேரில் போய்ப் பார்க்க இவரை நியமித்தார்கள்.

வருகிறேன் என்று முன்கூட்டியே தகவல் வந்ததுதான் வினையாகிப் போனது. பொம்மை அத்தையும் அவள் தங்கையும் உடைந்ததை எல்லாம் வாரிக் குளியலறையில் அடைத்தார்கள். மீதியைச் சோப்புப் போட்டுக் கழுவி வரிசையாக அடுக்கினார்கள். "பொண்ணு பார்க்க வர்றாங்களா என்ன, இந்தப் பளபளப்பு?" என்று தங்கை அப்போதே கிண்டல் செய்தாள்.

'யாரும் வர்றதில்லை' என்று எழுதப் போவதாக அக்கா சொன்னதும், ஒளித்ததைக் காட்டிவிடுவது என்று பொம்மை அத்தை முடிவு செய்தாள். வெட்கத்தைப் பார்த்தால் நூலகம் போய்விடும். விறுவிறுவென்று போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள். லாரி, கரடி, கட்டைகள் எல்லாம் மடமடவென்று காலடியில் சரிந்தன.

குடைச்சல் அக்கா அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கரடிக்குக் காது எங்கே?"

"தையல்காரர் பையன் அதைச் சப்பிக்கிட்டேதான் தூங்குவான். பிய்ஞ்சு போச்சு."

"இந்தப் பொம்மைக்கு முடி?"

"ரெட்டைப் புள்ளைங்க. ஆளுக்கு ஒரு பக்கமா இழுத்தாங்க."

"லாரிக்குச் சக்கரம்?"

"டிரைவர் பொண்ணு மேலே ஏறி ஓட்டிப் பார்த்தா. அவ அப்பாவை விட வேகமா ஓட்டுவாளாம்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இதை ஒளிச்சு வச்சுட்டு, அதையா என்கிட்ட காட்டினே? இதுதானேம்மா உன் வேலை!"

மானியம் நிற்கவில்லை. இப்போதெல்லாம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார். முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்ற விதியை நகராட்சியில் சண்டை போட்டு மாற்றியவரும் அவரேதான். பக்கத்துத் தெரு உடற்பயிற்சிக் கூடத்திலிருந்துகூட இப்போது தினமும் எடை தூக்கிப் போடும் சத்தம் தொம் தொம்மென்று கேட்கிறது. அவரைக் குடைச்சல் என்று யாராவது சொன்னால் பொம்மை அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வரும். "பணம் குடுக்க எத்தனையோ பேர் இருக்காங்க. குடுத்த பணம் என்னாச்சுன்னு தரையில உட்கார்ந்து பார்த்தது அவங்க ஒருத்தர்தான். அவங்க நல்லா இருக்கணும்" என்பாள்.

அந்த முதல் சந்திப்பு முடிந்து வாசல்வரை போன அக்கா, என்னவோ தயங்கித் திரும்பி வந்தார்.

"ஏம்மா, அந்த லாரியை எனக்கு இரவல் தருவியா? சொல்லிட்டுப் போனா எல்லாரும் இப்படித்தான் கழுவி வைப்பாங்கன்னு வாயால சொன்னா மேல இருக்கிறவங்களுக்குப் புரியாது. கூட்டத்துல காட்டிட்டுப் பத்திரமா திருப்பித் தர்றேன். தயவுசெஞ்சு சக்கரத்தை மட்டும் மாட்டிக் குடுத்துடாதே."