இழுப்பு வந்தால் அத்தை வந்தாச்சு

திருத்தணியில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் முதலில் தறிச் சத்தம் நிற்கும். அடுத்துக் கேட்பது பக்கத்து வீட்டு ஹேமாவதியின் மூச்சு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் என் தையல் மிஷின், அந்தப் பக்கம் அவள் அடுப்படி. நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பாள். கவனம் அங்கே போய்க் கொக்கி கோணிப் போன ஜாக்கெட்டுகள் இந்த ஊரில் நிறைய உண்டு. கௌரியம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

ஹேமாவதி தொண்ணூற்று மூன்றில் பள்ளிப்பட்டிலிருந்து வாழ வந்தவள். பிறந்த வீட்டிலும் தறி, புகுந்த வீட்டிலும் தறி. பஞ்சுத் தூசியில் பிறந்து வளர்ந்த உடம்பு, அது அவளை ஒன்றும் செய்ததில்லை. பூனை மட்டும் ஆகாது. பூனை படுத்த பாயில் உட்கார்ந்தாலே கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நெஞ்சில் இழுப்பு வந்துவிடும். பெண் பார்க்க வந்தபோது அவள் வீட்டார் இதைச் சொல்லவில்லை. வந்த மூன்றாம் மாதம் மாமியார் ஞானம்மாள் கண்டுபிடித்து, சம்பந்தி வீட்டையே கிழித்துத் தோரணம் கட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் ஒரு பூனை கால் வைக்க முடியவில்லை. நூலுக்குக் கஞ்சி போடுகிற வீட்டில் எலி எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி வாசத்துக்குத் தறியில் ஏற்றிய பாவு நூலையே கடித்துக் குதறிவிடும். எல்லோரும் பூனை வளர்த்தார்கள். ஞானம்மாள் எலிப்பொறி வைத்தாள். மருமகளை வாயால் அடிப்பாள், பூனையைத் துடைப்பத்தால் அடிப்பாள். அந்தப் பொம்பளையை எனக்குப் பிடிக்கும்.

ஞானம்மாள் தொண்ணூற்றெட்டில் மார்வலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தாள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதிக்கு முந்தின நாள், உயிர் பிரிந்த அறையில் தரையெல்லாம் அரிசி மாவைச் சலித்துப் பரப்பி, ஒரு விளக்கை ஏற்றிவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். விடிந்ததும் திறந்து, மாவில் என்ன தடம் விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். செத்தவர் எந்த உருவில் வந்துபோனார் என்று அதில் தெரியுமாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எறும்பு போன கோட்டைக் காட்டி யாராவது ஏதாவது சொல்வார்கள், அத்தோடு முடிந்துவிடும்.

அன்று கதவைத் திறந்தபோது நானும் இருந்தேன். மாவில் பூனைக் கால் பதிந்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, அறை முழுவதும், யாரோ நிதானமாகச் சுற்றிப் பார்த்தது போல. தடம் போய் முடிந்த இடத்தில் ஞானம்மாளின் பாய். பாயில் சாம்பல் நிறப் பூனை ஒன்று படுத்திருந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ஓட்டுக்கூரையில் இரண்டு ஓடு விலகியிருந்தது எனக்குத் தெரிந்தது. நான் கையை நீட்டிக் காட்டுவதற்குள் ஞானம்மாளின் கணவர் நாகேந்திரன் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டார்.

"ஞானம், வந்துட்டியா" என்று அழுதார்.

மகன் தீனதயாளன், "அம்மா" என்றான்.

ஹேமாவதி தும்மினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பூனை அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. ஞானம்மாளின் தட்டில் அதற்குச் சோறு. ஞானம்மாளின் பாயில் அதற்குப் படுக்கை. கிருத்திகை அன்று வீட்டில் கவுச்சி கிடையாது, தயிர்சோறு வைத்தால் அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். "பாத்தியா, கிருத்திகைக்கு ஒருபொழுது இருக்குறா" என்று நாகேந்திரன் என்னிடமே சொன்னார். எலிகளும் ஒழிந்துபோயின. தன் தறியைத் தானே காவல் காக்கிறாள் என்றார்கள். பூனை எலி பிடிப்பதற்கு இவ்வளவு பெரிய விளக்கம் நான் கேட்டதில்லை.

ஹேமாவதி சும்மா இருக்கவில்லை. "அத்தையா இருந்தா பூனைய உள்ள சேப்பாங்களா? எனக்கு ஆவாதுன்னு தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தானே" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நாகேந்திரன் பூனையின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். ஒருநாள் சாக்கில் போட்டுக் கட்டி, ஆந்திரா பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். அவள் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். பூனை பாயில் உட்கார்ந்து அவளைப் பார்த்ததாம். ஞானம்மாள் வேலை சரியில்லை என்றால் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை. சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

"நீயும் நம்பறியாடி?" என்றேன்.

"நம்பல அக்கா. ஆனா கை வரல."

இழுப்பு முற்றியதும் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். நானும் துணைக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல பூனை கீனை வளக்குறீங்களா?" என்றார். தீனதயாளன் கொஞ்சமும் தயங்காமல், "இல்லீங்க சார்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். அது பொய் சொல்கிற முகம் இல்லை. அவனுக்கு அது பூனையே இல்லை, அம்மா. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் நான் பயந்தது அதற்கு இல்லை. ஒருநாள் மத்தியானம் பூனை என் வீட்டு மாடிச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்தது. கரண்ட் இல்லை. ஹேமாவதி அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு நன்றாக இருந்தது, தன் பிள்ளைகளைத் திட்டுவதுகூடக் கேட்டது. பூனை கண்ணைத் திறந்தது. எழுந்திருக்கவில்லை, கண்ணை மட்டும் திறந்து அவர்கள் வீட்டுப் பக்கம் பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இழுப்பு ஆரம்பித்தது. பூனை அதற்குப் பிறகுதான் சோம்பல் முறித்து, இறங்கி, அந்த வீட்டுக்குள் போனது.

இதை நாகேந்திரனும் கவனித்திருந்தார் போலிருக்கிறது. பூனை வருவதற்கு முன்பே மருமகளுக்கு இழுக்கிறது என்று தெரிந்ததும், அவர் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு மருமகளைப் பார்க்க ஆரம்பித்தார். "ஹேமா, இழுக்குதா?" என்பார். அவள் பேச முடியாமல் தலையாட்டினால், "ஆங், அப்ப வந்துகினு கீறா. பால எடுத்து வை" என்பார். அவள் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பால் ஊற்றுவாள். ஒரு மனுஷியின் மூச்சை அந்த வீட்டில் காலிங் பெல்லாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் இதிலேயே செத்துப்போவாள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பிள்ளைகள் தலையெடுக்கிற வரைக்கும் மூச்சு ஓடினால் போதும் என்பாள்.

இரண்டாயிரத்து நான்கு ஆடிக் கிருத்திகை அன்று தெரு முழுக்கக் காவடியும் பம்பையுமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் பூனை வெளியே போனது. திரும்பவில்லை. நாகேந்திரன் மலைப்படி வரைக்கும் தேடினார். தீனதயாளன் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அரக்கோணம் ரோடு வரைக்கும் போய் வந்தான். கிடைக்கவில்லை.

ஹேமாவதி வீட்டைக் கழுவினாள். பாயைத் துவைத்தாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மெல்ல மெல்ல இழுப்பு குறைந்தது. பொங்கலுக்குள் நின்றே போனது. தைப்பூசத்துக்கு என்னோடு மலைப்படி ஏறினாள். நான்தான் நடுவில் உட்கார்ந்தேன், அவள் மேலே நின்று சிரித்துக்கொண்டு, "அக்கா, ஏந்திரிங்க" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. காற்றைச் சாப்பிடுகிற மாதிரி விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

அடுத்த வருடம் நாகேந்திரன் படுத்துவிட்டார். கால் வராது, சாப்பாடு இறங்காது. ஆனால் உயிரும் போகாது. நாள் முழுக்க ஒரே கேள்வி.

"ஹேமா, இழுக்குதா?"

"இல்ல மாமா."

"நல்லா பாரும்மா."

"இல்ல மாமா. நல்லாதான் கீறேன்."

அவர் முகம் சுருங்கிவிடும். அவள் நன்றாக இருப்பது அவருக்குச் சாவுச் செய்தி போல. ஒரு சாயங்காலம் தீனதயாளன் அடுப்படிக்கு வந்து பேசியது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"நைனா அம்மாவுக்காவதான் உசுர புடிச்சிகினு கீறாரு. ஒரே ஒரு தபா இழுக்குற மாதிரி செய்யேன் ஹேமா. நிம்மதியா போயிடுவாரு."

"இத்தினி வருசம் நெசமாவே இழுத்தேன். அப்ப யாருனா இன்னான்னு கேட்டீங்களா? இப்ப பொய்யா வேற இழுக்கணுமா?"

நான் மிஷினை நிறுத்திவிட்டு, நல்லா கேட்டடி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மனசு ஒருமாதிரியானது. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவர் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஹேமாவதி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஊட்டினாள், கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள். "இழுக்குதா?" என்று உதடு மட்டும் அசைந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முதுகை வளைத்து, மூச்சை இழுத்தாள். கீச்சென்று, பழைய மாதிரியே. அவளுக்குத் தெரியாத வித்தையா அது?

கிழவரின் முகம் மலர்ந்தது. "வந்தியா" என்றார். கண் ஹேமாவதியைத் தாண்டி வாசலுக்குப் போனது. வாசலிலிருந்து அவர் பார்வை மெல்லத் தரையோடு நகர்ந்து வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றது. மாதக்கணக்கில் அசையாத காலை அவர் ஓரமாக நகர்த்தினார், யாருக்கோ இடம் விடுவது போல. நான் அந்த இடத்தைப் பார்த்தேன். போர்வை மட்டும்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்படியே அடங்கிவிட்டார். தீனதயாளன் ஓடி வந்து "நைனா" என்று விழுந்து அழுதான். நான் கிழவரின் கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டத் துணி தேடினேன். ஹேமாவதி இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டி, அவர் போயிட்டாரு. விடு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். கண் சிவந்து, மூக்கிலிருந்து நீர் ஒழுகியது. நகம் நீலம் பாரித்திருந்தது. அவள் பார்வை கால்மாட்டை விட்டு நகரவில்லை. பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்ததும், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அக்கா... நான்... அப்பவே... நிறுத்திட்டேன்."