கடைசிப் பாட்டுக்குச் சீட்டு

இன்று 'இறால் ஆகாஷ்' பாட்டு வந்தால் கும்மிடிப்பூண்டி ஷேர் ஆட்டோக்காரர்கள் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். ராப் பாடகன், சிப்காட் பக்கத்தில் சொந்த ஸ்டுடியோ, பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி. அந்தப் பட்டப்பெயர் ஒரு திருட்டில் வந்தது என்று மேடையில் அவனே சொல்லிச் சிரிப்பான்.

பழவேற்காடு ஏரியில் அவன் ஊர்க்காரர்கள் நினைத்த நாளில் இறால் வலை போட முடியாது. ஊர் கூடிச் சீட்டெடுத்து, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைக்கும். பதினெட்டு வயதுத் துடுக்கில் ஆகாஷ் அடுத்தவர் முறையில் வலையை இறக்கிவிட்டான். ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நின்றது அவனல்ல, அப்பா துளசிராமன். ஆறு மாதம் அந்தக் குடும்பம் ஏரியில் இறங்கக் கூடாதென்று தீர்ப்பு. அப்பா அதோடு மகனிடம் பேச்சை நிறுத்தினார். வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆகாஷ் வீட்டைவிட்டுக் கிளம்பினான்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் படுக்கை, இரும்பு ஆலையில் கம்பி ஏற்றும் கூலி. கம்பி வெட்டும் இயந்திரத்தின் தாளத்துக்கு வாய்க்கு வந்ததைக் கொட்டினான். கூட வேலை செய்தவன் அதைப் போனில் எடுத்துப் போட, ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அதே பேச்சு. அப்புறம் அவனைப் பிடிக்க ஆளில்லை.

பாடுகிறவர்களைச் சேர்த்துக் கம்பெனி தொடங்கியதும் ஒரு சட்டம் போட்டான். நிகழ்ச்சியில் யார் எப்போது பாடுவது, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது வரும் கடைசிப் பாட்டு யாருக்கு என்பதைச் சீட்டுதான் சொல்லும். முதலாளிக்கும் அதே டப்பாதான்.

பொன்னேரி நிகழ்ச்சிக்கு, அவன் வீட்டைவிட்டு வந்த பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அம்மா அஞ்சம்மாள் வருவதாகச் சொன்னாள்; அப்பா இன்னும் பேசவில்லை. சீட்டு பழிவாங்கியது. கடைசிப் பாட்டு, போன மாதம்வரை பிஸ்கட் பேக்கிங் வேலையில் இருந்த கவிப்பிரியாவுக்கு. ஆகாஷுக்கு ஆறு மணி. பஸ் தாமதமாகி அம்மா வந்து உட்கார்வதற்குள் அவன் பாடி முடித்திருந்தான்.

விளம்பரம் கொடுத்த கூல்டிரிங்ஸ் கம்பெனி மேனேஜர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கடைசியில நீங்க ஏறலேன்னா அடுத்த வருஷம் நாங்க இல்ல சார்."

முன்வரிசையில் அம்மா கழுத்தை நீட்டி அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏறிவிடலாமா என்று அவனுக்கும் தோன்றியது. ஆனால் கையிலிருந்த மைக்கைக் கவிப்பிரியாவிடம் நீட்டினான்.

"உன் முறை. போய்ப் பொளந்து கட்டு."

கட்டினாள். மைதானமே எழுந்து நின்றது. முறைத்துக்கொண்டு போன மேனேஜர் மறுநாள் அவள் நம்பரைக் கேட்டு ஆகாஷுக்கே போன் போட்டது தனிக் கதை.

கூட்டம் கலைந்ததும் அம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா, நீ ஏறவே இல்ல? நீதான மொதலாளி?"

"என் முறை ஆறு மணிக்கே முடிஞ்சிபோச்சும்மா. கடைசி சீட்டு அந்தப் பொண்ணுக்கு வுழுந்துச்சு."

அஞ்சம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியது, அதை அவள் மறைக்கவுமில்லை.

"சரி. உனுக்கு சீட்டு வுழுற அன்னிக்கு சொல்லு. உங்க நைனாவ இட்டுகினு வரேன்."